சுவரோடு சேர்ந்த சீதனம்

"எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம். பிள்ளைய மட்டும் அனுப்புங்க, போதும்."

மாப்பிள்ளையின் அம்மா விக்டோரியா டீச்சர் இதைச் சொன்னபோது மரிய அந்தோணியின் வீட்டில் பதினெட்டுப் பேர் இருந்தார்கள். பதினெட்டுப் பேருக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னார். பாளையங்கோட்டையில் முப்பத்திரண்டு வருடம் கடைசி பெஞ்சுவரை எட்டும்படி பேசிப் பழகிய குரல் அது. சொல்லி முடித்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே, யாருக்காவது கேட்காமல் போயிருக்குமோ என்று ஒரு சுற்றுப் பார்த்தார்.

எல்லாருக்கும் கேட்டிருந்தது. சாயங்காலத்துக்குள் ஊருக்கே கேட்டுவிட்டது. திசையன்விளைக்குத் தெற்கே, கடலை ஒட்டிய சின்ன ஊர். வலை உலர்த்துகிற இடத்தில் நின்று இருமினால் கோயில் வாசலில் உடம்புக்கு என்னவென்று விசாரிப்பார்கள். "ஒத்தப் பைசா வேண்டாம்னுட்டாங்களாம்" என்று ஆளாளுக்குச் சொல்லி மகிழ்ந்தார்கள்.

மரிய அந்தோணி படகு எஞ்சின் மெக்கானிக். அவருக்கு ஒரே மகள் ஜாய்சி. கட்டடப் படிப்பு முடித்துவிட்டு, பாளையங்கோட்டையில் ஒரு என்ஜினியர் அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் வீட்டுப் படம் வரைகிற வேலை பார்த்தாள். வாரம் முழுவதும் அங்கே விடுதியில் தங்கல், சனி ஞாயிறு ஊர். மாப்பிள்ளை ஜெர்வின் தனியார் கல்லூரியொன்றில் உதவிப் பேராசிரியர். மெல்லப் பேசுவான், யாரையும் புண்படுத்த மாட்டான். அவனுடைய அப்பா எட்வின், தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டில் அதற்குப் பல வருடம் முன்பே ஓய்வு பெற்றுவிட்டார்.

ஒன்பது நாள் கழித்து டீச்சரிடமிருந்து போன் வந்தது.

"சம்பந்தி, கேக்கேன்னு நினைக்காதீங்க. மாடியில பிள்ளைங்க இருக்கப்போற ரூம்ல துணி வைக்க இடமே இல்ல. ஜாய்சி அவ துணிய எங்க கொண்டுபோய் வைப்பா? உங்க பிள்ளைக்குத்தான் கஷ்டம்."

"பீரோ ஒண்ணு வாங்கணும்னு நாங்களே நினைச்சிருக்கோம் டீச்சர்."

"பீரோவா?" பாடத்தில் பெரிய தப்பைப் பிடித்த குரல் வந்தது. "பீரோவ வண்டியில ஏத்திக் கொண்டாந்து தெருவுல இறக்குனா பாக்கவங்க என்ன சொல்லுவாங்க? சீதனம்னு சொல்லுவாங்க. நாங்க சீதனம் வாங்குத குடும்பம் இல்ல. சுவரோட சேத்து ஒரு அலமாரி. ரெண்டு கதவு, அவ்வளவுதான். வீட்டு வேலையோட வேலையாப் போயிரும். யாரு கண்ணுக்கும் தெரியாது."

இதில் எங்கேயோ ஒரு தப்பு இருப்பதாக மரிய அந்தோணிக்குத் தோன்றியது. எஞ்சினில் என்றால் காதை வைத்தே கண்டுபிடித்திருப்பார். இது பேச்சு. அவர் "சரி டீச்சர்" என்றார்.

ஜாய்சிக்கு முதலில் சந்தோஷம்தான். ஊரார் படுக்கையறைகளுக்கெல்லாம் நாற்பது அலமாரிக்குமேல் வரைந்திருக்கிறாள். தனக்கென்று வரைவது இதுதான் முதல் தடவை. அந்தச் சனிக்கிழமையே அப்பாவோடு டேப்பை எடுத்துக்கொண்டு போனாள். டீச்சர் ஏற்கெனவே தச்சரை வரச் சொல்லியிருந்தார். இசக்கிமுருகன் என்று பெயர், விக்கிரமசிங்கபுரத்துக்காரர். காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அறை பத்துக்குப் பன்னிரண்டு. பன்னிரண்டடிச் சுவரில் மூலையிலிருந்து ஜன்னல்வரை ஐந்தடி இரண்டு அங்குலம் வெறுமையாகக் கிடந்தது. ஜாய்சி தரையில் உட்கார்ந்து தாளில் கோடு போட்டாள்.

"அஞ்சடி அகலம், ரெண்டடி ஆழம், ஏழடி உயரம். ஒரு கதவுக்குப் பின்னாடி ஹேங்கர் கம்பி, இன்னொண்ணுக்குப் பின்னாடி தட்டு. ஒவ்வொரு கதவும் ரெண்டரை அடி. எதித்த சுவரோட அஞ்சடிக் கட்டில் போட்டாலும், கதவு முழுசாத் திறக்க இடம் இருக்கும்."

"தங்கச்சி கணக்கு சுத்தமா இருக்கு," என்றார் இசக்கிமுருகன். "பிளைவுட்ல அடிச்சா இருபது நாள்ல முடிச்சிரலாம்."

"பிளைவுட்டா?" என்றார் டீச்சர். மரிய அந்தோணியைப் பார்த்துச் சிரித்தார். "உங்க பிள்ள காலம் பூரா வச்சிருக்கப் போற பொருளு. தேக்குன்னா அவளுக்குத்தான் நல்லது."

அன்றைக்கு அது தேக்கு ஆனது.

மறுநாள் இரண்டு ஊர்க் கோயில்களிலும் முதல் ஓலை வாசித்தார்கள். கல்யாணம் செய்யப்போகிறவர்களின் பெயரை மூன்று ஞாயிறு பூசை முடிவில் வாசித்து, தடை ஏதாவது தெரிந்தவர்கள் பாதிரியாரான பங்குச்சாமியிடம் வந்து சொல்லலாம் என்று அறிவிப்பது வழக்கம். ஒருவரும் போய்ச் சொல்வதில்லை. உண்மையிலேயே தடை தெரிந்தவர்கள்கூடக் கல்யாணச் சாப்பாடு முடியட்டும் என்று காத்திருப்பார்கள்.

திங்கட்கிழமை டீச்சர் போன் செய்தார். "சின்ன மாத்தம்தான் சம்பந்தி. ஏழடியோட நிறுத்துனா மேல தூசி அடையும். உங்க பிள்ளைதான ஏறித் துடைக்கணும்? அதனால மேல்தளம் வரைக்கும் கொண்டுபோயிரலாம்." செவ்வாய்க்கிழமை உள்ளே ஒரு லாக்கர் சேர்ந்தது. புதன்கிழமை கதவில் ஆளுயரக் கண்ணாடி. வியாழக்கிழமை டீச்சர் நாகர்கோவிலில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் போய்வந்தார். அங்கே ஏழடி அகலத்தில் ஓர் அலமாரி இருந்தது. வெள்ளிக்கிழமை ஜாய்சியின் அலமாரி எட்டடி ஆனது.

ஒவ்வொரு போனும் "உங்க பிள்ளைக்காகத்தான்" என்று முடிந்தது. மரிய அந்தோணி ஒவ்வொன்றுக்கும் "சரி டீச்சர்" என்றார். ஒன்றும் வேண்டாம் என்று சொன்ன மனுஷியிடம் எப்படி மறுத்துப் பேசுவது? கேட்டால்தானே இல்லை என்று சொல்ல முடியும். கூட்டாகப் போட்டிருந்த படகில் தனக்கிருந்த பங்கை விலைக்கு யாராவது எடுத்துக்கொள்வார்களா என்று மட்டும் கூட்டாளி ஒருவரிடம் பட்டும் படாமல் விசாரித்து வைத்தார். வீட்டில் சொல்லவில்லை.

சனிக்கிழமை மறுபடியும் எல்லாரும் அந்த மாடி அறையில் கூடினார்கள். இசக்கிமுருகன் சுவரில் எட்டடிக்குச் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டுவிட்டு, காதிலிருந்த பென்சிலை எடுத்துத் தலையைச் சொறிந்தார்.

"டீச்சர், எட்டடிக்கு ரெண்டு கதவுன்னா ஒரு கதவு நாலடி வருது. தேக்கு வெயிட்டுக்குக் கீல் தாங்காது, தொங்கிரும். நாலு கதவாப் போட்டுருவோம்."

"நாலு கதவு வச்சா ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். ரெண்டுதான் லட்சணம்."

ஜாய்சி குறுக்கிட்டாள். "மாமி, நாலடிக் கதவ திறக்க நாலடி வேணும். கட்டில் அஞ்சடி. பாதி திறக்கையிலேயே கட்டில்ல முட்டும்."

டீச்சர் கட்டில் போடப்போகிற இடத்தைப் பார்த்தார். அலமாரி வரப்போகிற இடத்தைப் பார்த்தார். ஒரு நிமிஷத்தில் விடை கண்டுபிடித்துவிட்டார்.

"கட்டில நாலடியாப் பண்ணிருவோம். ஆசாரி, அதையும் இதே மரத்துல செஞ்சிருங்க. ஜோடியா இருக்கும்."

புதுசாகக் கல்யாணம் ஆகிறவர்கள் நாலடிக் கட்டிலில் எப்படிப் படுப்பார்கள் என்று கேட்க இசக்கிமுருகன் வாயெடுத்து, மூடிக்கொண்டார்.

"ஜன்னல் பாதிக்குமேல மறையுது மாமி," என்றாள் ஜாய்சி.

"மறையட்டும். திறந்து வச்சா ரோட்டுத் தூசிதான வருது?"

மறுநாள் இரண்டாம் ஓலை வாசித்தார்கள்.

பட்டியல் செவ்வாய்க்கிழமை வாட்ஸ்அப்பில் வந்தது. கோடு போட்ட தாள், சிவப்பு மையில் தலைப்பு, நீல மையில் வரிசை எண். பள்ளிக்கூடத்தில் கால அட்டவணை போடுவதுபோல, எந்தத் தட்டு யாருக்கு என்று டீச்சர் தன் கையால் எழுதியிருந்தார். ஜாய்சி அலுவலகத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அதைத் திறந்தாள். மேல்தட்டு முழுவதும் கிறிஸ்துமஸ் குடில் சாமான், பித்தளைப் பாத்திரம், விருந்தாளிகளுக்கான ஜமுக்காளம். நடுவில் டீச்சரின் பட்டுச்சேலைகள்; கீழே அவர் அறையில் கரப்பான் தொல்லையாம். லாக்கர் டீச்சருக்கு, சாவியும் டீச்சரிடம். வலது கதவுக்குப் பின்னால் ஜெர்வினின் சட்டைகள், கோட்டு, சான்றிதழ்கள், பள்ளிக்கூடத்தில் வாங்கிய கோப்பைகள். இடது பக்கத்தில் இரண்டு தட்டு நாகர்கோவில் சித்தி வந்தால் வைப்பதற்கு. எட்வினின் ரத்த அழுத்தம் பார்க்கிற மிஷினுக்குக்கூட எட்டாவது எண்ணில் ஓர் இடம் இருந்தது.

பதினேழாவது எண்: கீழ்த்தட்டு, இடப்புறம், ஜாய்சி.

அவள் எட்டடிக்கு மாற்றி வரைந்திருந்த படத்தில் அந்த இடத்தைத் தேடி அளந்தாள். உயரம் பதினான்கு அங்குலம், அகலம் பதினெட்டு. அதற்குக் கீழே செருப்புகள். கல்யாணச் சேலைகளை எங்கே வைப்பது என்று டீச்சருக்குச் செய்தி அனுப்பிக் கேட்டாள். உடனே பதில் வந்தது: "அது விலை கூடினதும்மா. என்னிடம் பத்திரமாக இருக்கும்."

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து டீக்கடையில் ஜெர்வினைச் சந்தித்தாள்.

"அம்மா அனுப்புன லிஸ்ட்டப் பாத்தீங்களா?"

"பாத்தேன். நல்லாத்தான போட்டுருக்காங்க?"

"நான் எத்தனாவது நம்பர்?"

"நம்பர்ல என்ன இருக்கு ஜாய்சி?"

"பதினேழு. உங்க ஸ்கூல் கப்பு பதினொண்ணு."

ஜெர்வின் கொஞ்சம் யோசித்தான். "அது ஓட்டப்பந்தயத்துல வாங்குனது," என்றான்.

அவள் டீயைக் கீழே வைத்தாள். "கட்டில் நாலடி ஆயிட்டே, அது தெரியுமா?"

"தெரியும். நான் ஒல்லிதான?"

அவன் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. தன்னால் முடிந்த ஒத்தாசையைச் செய்கிற முகத்தோடுதான் சொன்னான். ஜாய்சிக்குச் சிரிப்பதா எழுந்து போவதா என்று தெரியவில்லை.

"மாமிட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லலாம்லா?"

"அம்மாவுக்கு பிரஷர் இருக்கு. கல்யாணம் முடியட்டும், பைய பைய மாத்திக்கலாம்."

"எத? அலமாரியவா, அம்மாவையா?"

பக்கத்து மேஜையில் யாருக்காவது கேட்டுவிட்டதா என்று ஜெர்வின் திரும்பிப் பார்த்தான்.

விடுதிக்கு வந்ததும் ஜாய்சி அறைக்கதவைச் சாத்திவிட்டு, தன் துணிகளையெல்லாம் எடுத்துத் தரையில் அடுக்கினாள். சேலை பதினொன்று, சுடிதார் பதினாறு, ஸ்வெட்டர் ஒன்று. அதையும் மாஞ்சோலைக்குப் போனபோது ஒரே ஒரு நாள் போட்டிருந்தாள். ஊர் வீட்டில் கிடப்பதையும், கல்யாணத்துக்கு எடுத்திருந்ததையும் கணக்கில் சேர்த்துக்கொண்டாள். டேப்பை வைத்து நீளம் அகலம் உயரம் அளந்தாள். அடுத்தவர் வீட்டு வேலை என்றால் எப்படிச் செய்வாளோ அப்படியே. பிறகு புதுப் படம் வரைந்தாள். மூன்றடி அகலம், ஆறடி உயரம், ஒன்றரை அடியில் இரண்டு கதவு, ஐந்து தட்டு, ஒரு கம்பி, ஒரு பூட்டு.

வியாழக்கிழமை சாயங்காலம் அந்தப் படத்தோடு டீச்சர் வீட்டுக்குப் போனாள். மரம் அறுக்கக் கொடுப்பதற்காகக் கடைசி அளவை வாங்கிப் போக இசக்கிமுருகன் வந்திருந்தார். எட்வின் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஜெர்வின் அப்போதுதான் கல்லூரியிலிருந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

டீச்சர் படத்தை வாங்கி விரித்தார். கை தானாகப் பேனாவை எடுத்தது. திருத்துவதற்கு எங்கே தொடங்குவது என்று தெரியாமல் பேனா அப்படியே நின்றது.

"என்னம்மா இது?"

"அலமாரி மாமி. என் துணி வைக்கத்தான்னு அப்பாட்ட சொல்லியிருந்தீங்க. அதான் என் துணியெல்லாம் அளந்து பாத்தேன். இவ்வளவு போதும். ஜன்னலும் மறையாது, கட்டிலையும் குறைக்க வேண்டாம்."

"இதுல ஜெர்வின் துணி எங்க?"

"இப்ப எங்கன இருக்கோ அங்கனயே இருக்கட்டும்."

"என் சேலை?"

"கீழ உங்களுக்குப் பெரிய பீரோ இருக்கே மாமி."

"அப்ப இது முழுக்க உனக்கு ஒருத்திக்கா?"

"அப்படித்தான சொன்னீங்க?"

இசக்கிமுருகன் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார், அது எந்த மரத்தில் செய்தது என்று ஆராய்வதுபோல. எட்வின் பேப்பரை மூக்குவரை இறக்கினார். "கணக்கு சரியாத்தான இருக்கு," என்றார். டீச்சர் அவரைத் திரும்பிப் பார்த்தார். பேப்பர் மேலே போய்விட்டது.

"இந்தா பாரு ஜாய்சி," டீச்சர் குரலை இறக்கினார். பள்ளிக்கூடத்தில் அடிப்பதற்கு முன்னால் வருகிற குரல் அது. "மூணடிப் பெட்டிய ஒண்ணச் சுவர்ல மாட்டி வச்சா வாரவங்க என்ன கேப்பாங்க? பொண்ணு வீட்டுல இவ்வளவுதான் செஞ்சாங்களான்னு கேப்பாங்க. எங்களுக்கா கேவலம்? உங்க அப்பாவுக்குத்தான்."

"யாரு கண்ணுக்கும் தெரியாதுன்னு சொன்னீங்களே மாமி?"

டீச்சருக்கு முகம் கன்றியது. இசக்கிமுருகன் தொண்டையைச் செருமினார். "டீச்சர், மில்லுல ஆறு மணிக்கு மூடிருவான். நான் எந்தப் படத்துக்கு மரம் அறுக்க?"

"பெரிய படத்துக்கு," என்றார் டீச்சர்.

ஜாய்சி ஜெர்வினைப் பார்த்தாள். எல்லாரும் அவனைத்தான் பார்த்தார்கள். ஒரு கையில் ஷூவோடு அவன் நிமிர்ந்தான். அம்மாவைப் பார்த்தான், ஜாய்சியைப் பார்த்தான், கொஞ்ச நேரம் ஷூவையும் பார்த்தான்.

"ரெண்டு பேரும் கலந்து பேசி ஒரு முடிவுக்கு வாங்க," என்றான். "எனக்கு எதுன்னாலும் சரி."

ஜாய்சி தன் படத்தை எடுத்துச் சுருட்டினாள். "ஆசாரி அண்ணாச்சி, மரத்த அறுக்காதீங்க. பிறகு உங்களுக்குத்தான் நஷ்டம்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். தெருமுனை திரும்புகிறவரை யாராவது கூப்பிடுவார்கள் என்று நினைத்தாள். கூப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை திசையன்விளை பஸ்ஸில் ஊருக்குப் போனாள். சனிக்கிழமை காலையில் மரிய அந்தோணி கொட்டகையில் ஒரு எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவள் நடந்ததையெல்லாம் சொன்னாள். அவர் கோபப்பட்டார். ஆனால் அவள் எதிர்பார்த்த ஆள்மீது இல்லை.

"ரெண்டு ஓலை வாசிச்சாச்சு பிள்ள. இப்பப் போய் அளவுல சண்ட போட்டுட்டு வந்திருக்கே. ஊருல என்ன சொல்லுவாங்க? ஒரு அலமாரிக்கா கல்யாணம் நிக்கணும்?"

"வெறும் அலமாரின்னா நின்னுருக்காதுப்பா. அதுல எனக்கு ஒரு தட்டு. அதுக்குங் கீழ செருப்பு."

"நான் செஞ்சு குடுக்கேன். எப்படியாவது செஞ்சு குடுக்கேன்."

"எப்படி?"

அவர் ஸ்பேனரைத் துடைத்தார். படகில் உள்ள பங்கைக் கேட்டுப் பார்த்த விஷயம் அப்போதுதான் அவர் வாயிலிருந்து வந்தது. ஜாய்சி அப்பாவின் எதிரே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

போன் அடித்தது. டீச்சர். கை முழுக்க கிரீஸ் இருந்ததால் மரிய அந்தோணி ஸ்பீக்கரில் போட்டார்.

"சம்பந்தி, சின்னப் பிள்ள, விவரம் தெரியாமப் பேசிட்டுப் போயிருக்கா. நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கல. மன்னிச்சிட்டேன்." டீச்சரின் குரல் கனிந்திருந்தது. "அலமாரி பெரிய படத்துப்படியே இருக்கட்டும். ஆனா ஒண்ணு, ஜன்னல் மறையுதுன்னு அவளுக்குக் கவலை இருக்கு. அதுவும் நியாயந்தான். வெக்கையில உங்க பிள்ள எப்படித் தூங்குவா? அதனால அந்த ரூமுக்கு ஒரு ஏசி மாட்டிருங்க."

மரிய அந்தோணி வழக்கம்போல "சரி டீச்சர்" என்று தொடங்கி, பாதியில் நின்றார்.

"டீச்சர், ஜன்னல மறைக்காம இருந்தா ஏசி வேண்டாம்லா?"

"ஜன்னல மறைக்கதே உங்க பிள்ளைக்காகத்தான சம்பந்தி."

மரிய அந்தோணி போனை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து "ஹலோ, ஹலோ" என்று வந்துகொண்டிருந்தது. இத்தனை நாளாகக் கேட்ட சத்தத்தில் கோளாறு எங்கே இருக்கிறது என்று அவருக்கு இப்போது பிடிபட்டது. போனை அணைத்தார். வாளியில் கையைக் கழுவினார்.

"சட்டையப் போட்டுட்டு வாரேன்," என்றார். "சாமியப் பாத்துட்டு வந்துருவோம்."

கோயிலுக்குப் பக்கத்துச் சாமி பங்களாவில் பங்குச்சாமி மறுநாள் வாசிக்கவேண்டிய ஓலைகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"சாமி, ஒரு தடை சொல்ல வந்திருக்கேன்," என்றாள் ஜாய்சி.

சாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். பதினோரு வருடமாக வாராவாரம் தடை இருந்தால் சொல்லுங்கள் என்று அறிவித்து வருகிறார். ஒருவர் வந்து சொல்வது இதுவே முதல் தடவை. பதிவேட்டைத் திறந்து பேனாவை எடுத்தார்.

"யாரு கல்யாணத்துக்கு?"

"என் கல்யாணத்துக்கு."

"என்ன தடைம்மா? பையனுக்கு ஏற்கனவே கல்யாணம் ஆயிருக்கா? ரத்த சொந்தமா?"

"இல்ல சாமி. எட்டடி அகலம், ஒம்பதடி உயரம்."

சாமி பேனாவை மூடினார். பிறகு முழுக்கதையையும் கேட்டார். நாலடிக் கட்டில் வந்த இடத்தில் வாயைக் கையால் மறைத்துக்கொண்டார். முடிந்ததும் பெருமூச்சு விட்டார்.

"திருச்சபைச் சட்டத்துல அலமாரிக்கு எடமில்லையே அம்மா."

"எனக்கும் அலமாரியில எடமில்ல சாமி."

சாமி மரிய அந்தோணியைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு மட்டும் சட்டத்துல இருக்கு," என்றார் சாமி. "உனக்குச் சம்மதம் இல்லன்னா கல்யாணம் இல்ல. உனக்கு அந்தப் பையன்மேல மனசு இருக்கா?"

ஜாய்சி இதற்குப் பதில் தயார் செய்துகொண்டு வரவில்லை. ஒரு மாதமாகத் தினமும் போனில் பேசியவன். ஒருநாள் அவளுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு, விடுதி வாசலில் மாத்திரையும் ரொட்டியும் கொடுத்துவிட்டுப் போனவன். அவளுக்குக் கண் கலங்கியது.

"அவரு நல்லவருதான் சாமி. நல்லவரா இருந்துகிட்டே இருக்காரு. அதுக்குமேல ஒண்ணும் செய்யமாட்டாரு."

சாமி அவள் பெயர் இருந்த ஓலையை எடுத்து மேஜை இழுப்பறைக்குள் வைத்தார்.

மறுநாள் பூசை முடிவில் வேறு இரண்டு ஜோடிகளின் பெயர் வாசிக்கப்பட்டது. ஜாய்சியின் பெயர் இல்லை. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு முணுமுணுப்பு கிளம்பி, ஆண்கள் பக்கம் போய், திரும்பி வந்தது. அடுத்த நாலு நாள் ஊரில் வேறு பேச்சு இல்லை. பாளையங்கோட்டையில் டீச்சர் அவர் பக்கத்துக் கதையைச் சொன்னார்: "நாங்க ஒண்ணுமே கேக்கல. அந்தப் பிள்ளதான், வீட்டுல அலமாரி முழுக்கத் தனக்கே வேணும்னு அடம் பிடிச்சா. பேராசை." கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள். காலம் கெட்டுவிட்டது என்று ஒத்துக்கொண்டார்கள். இசக்கிமுருகன் மரத்தை அறுக்கவில்லை. ஆனால் மூன்று நாள் கூலியை யாரிடம் கேட்பது என்று அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை, கேட்காமலே விட்டுவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜெர்வின் வந்தான். தனியாக, பஸ்ஸில். இஸ்திரி போட்ட சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. மரிய அந்தோணி அவனை உட்கார வைத்துவிட்டு, கொட்டகைப் பக்கம் போய்விட்டார். தெருவில் நாலு வீட்டுக் கதவுகள் தற்செயலாகத் திறந்தன.

அவன் சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து மேஜைமேல் விரித்தான். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தான். முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. ஜாய்சி அவனை அப்படிப் பார்த்ததில்லை.

"ஜாய்சி, அம்மாவ ஆறடிக்கு இறக்கிட்டேன்."

அவள் தாளைப் பார்த்தாள்.

"லேசுல இறங்கல. ரெண்டு நாள் நான் சாப்பிடல."

"ரெண்டு நாளா?"

"ராத்திரி மட்டும்," என்றான். "கப்பையெல்லாம் கீழ கொண்டு போயிட்டேன். உனக்கு இப்ப மூணு தட்டு, பாரு. கண்ணு மட்டத்துலயே. சித்திக்கு ஒண்ணுதான்."

அவன் விரல் தொட்ட இடத்தில் பென்சிலால் 'ஜாய்சி' என்று எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தான். ஒரு கணம் அவளுக்கு அவன்மேல் இரக்கம் பொங்கியது. இதற்காக அவன் எத்தனை நாள் அந்த வீட்டில் தயங்கித் தயங்கி நின்றிருப்பான் என்று நினைத்துப் பார்த்தாள். அவனளவில் இது ஒரு பெரிய போர்தான். ஜெயித்துவிட்டு வந்திருக்கிறான்.

"ஜெர்வின், அலமாரி எதுக்கு எங்கப்பா செய்யணும்?"

அவனுக்குக் கேள்வி புரியவில்லை. "அம்மா எட்டடி கேட்டாங்க. ஆறடிக்குச் சம்மதிக்க வச்சிருக்கேன்லா?" என்றான் மறுபடியும், அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்பதுபோல.

ஜாய்சி எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்தாள். முறுக்கும் வைத்தாள். அவன் இரண்டு முறுக்குத் தின்று, டீயைக் குடித்து முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தாள். பிறகு தாளை அதன் மடிப்பிலேயே மடித்து அவன் கையில் கொடுத்தாள்.

"நாலரை பஸ்ஸ விட்டா அடுத்தது ஆறரைக்குத்தான்," என்றாள். "கிளம்புங்க."

"அப்ப அம்மாட்ட என்ன சொல்ல?"

"நீங்களே யோசிச்சு ஏதாவது சொல்லுங்க."

அவன் கொஞ்ச நேரம் நின்றான். யோசிக்க முயற்சி செய்வதுபோலத்தான் இருந்தது. மரிய அந்தோணி கொட்டகையிலிருந்து வந்து, "வாங்க தம்பி" என்று பஸ் நிறுத்தம்வரை கூடப் போனார்.

திரும்பி வந்தபோது அவர் முகம் ஒரு மாதிரியாக இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார்.

"வழியெல்லாம் ஒரே கேள்வி பிள்ள. அஞ்சரை அடின்னா ஒத்துக்குவாளான்னு கேக்கான்."

ஜாய்சி அப்பாவைப் பார்த்தாள். அவருக்கு முதலில் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துப் பதறி எழுந்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று துண்டை வாயில் வைத்து அடக்கிப் பார்த்து, முடியாமல், தெருவுக்கே கேட்கும்படி சிரித்தார். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு அழுகை வந்தது. அதை அவர் பார்க்காதமாதிரி இருந்துகொண்டார்.

விடிந்தால் திங்கட்கிழமை. ஐந்தே முக்கால் பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். மணிமுத்தாறு ரோட்டில் ஒருத்தர் வீடு கட்டுகிறார், சமையலறைப் படம் காலையிலேயே வேண்டும் என்று கேட்டிருந்தார். ஜாய்சி முகத்தைக் கழுவிவிட்டு, வாரத்துக்கான துணியை எடுத்துப் பைக்குள் அடுக்கத் தொடங்கினாள்.